விடியுமுன் வந்த ரொட்டி வாசம்

குவைத்துக்குப் போன முதல் நாள் காலையில், அந்த வீட்டில் எனக்குக் கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே தொட்டியில் துப்பினேன். சின்னக் கண்ணாடிக் கிளாஸ், அதில் பாதிக்குச் சீனி, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலம் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டிப் படத்தில், முதுகில் கூடையோடு ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மலையேதான். எத்தனை வருஷம் கொழுந்து பறித்திருப்பேன், ஒரு நாளாவது அப்படிச் சிரித்துக்கொண்டு பறித்திருக்கிறேனா? நாங்கள் பறிப்பதில் நல்லதெல்லாம் கப்பல் ஏறிப் போய்விடும், எங்களுக்குக் கிடைப்பது மிஞ்சுகிற தூள் என்பது தெரிந்த கதைதான். அந்த நல்லதை வாயில் வைக்க முடியாது என்பது மட்டும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே. வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுக்கமான தாழ்வாரம். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இராத்திரி வேலை. விடிந்த பிறகு கண் சிவந்து வருவார், சோறு தின்பார், தூங்குவார். எங்களுக்கு ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் கொட்டகலைக்குப் போய்ப் படித்த பெண் பிள்ளை அப்போது எங்கள் லயத்தில் அவள் ஒருத்திதான். வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அவள் குறுக்குப் பாதையில் இறங்கிப் போவதை மலையில் நின்று பார்ப்பேன். பக்கத்து நிரையில் இருப்பவள், கொழுந்தைப் பார்த்துப் பறி என்று கத்துவாள். உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று நானும் விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வெள்ளை உடுப்புக்காகத்தான் குவைத்துக்குப் போனேன். வேறு எதற்கும் இல்லை. புறப்படுகிற அன்று ரயில் மேடையில் வைத்து வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். இவள் தலையில் கூடைக் கயிறு ஏறக் கூடாது. என் அம்மா தலையில் ஏறியது, என் தலையில் ஏறியது, இதோடு போதும். அவர் மகளின் தோளில் கையை வைத்து, அது என் பொறுப்பு என்றார். அந்த நம்பிக்கையில்தான் ரயில் ஏறினேன்.

போன இடத்தில் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பொய் சொல்லக் கூடாது. இறைச்சி, கோழி, பேரீச்சம்பழம், தட்டு நிறையச் சோறு என்று மூக்கு முட்டத் தின்னலாம். தின்றேன். ஆனாலும் படுத்தால் நாக்கு ஊருக்குப் போய்விடும். ஒரு ரொட்டிக்கு இப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பேன். ஊரில் இருந்தபோது அதைத் திட்டிக்கொண்டே தின்றவள் நான்.

எங்கள் ரொட்டி பெரிய விஷயம் இல்லை. கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு. தேங்காய் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. கையில் தட்டித் தகரத்தில் போட்டு, விறகுப் புகையில் இரண்டு பக்கமும் கருகக் கருகச் சுடுவது. அதோடு காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் அம்மியில் நசுக்கிய கட்டச் சம்பல். இது விடியுமுன் நடக்கிற வேலை. இருட்டில் தப்பு அடித்து ஆட்களை எழுப்புவார்கள். பிறகு பெரட்டு, எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்புவது. அதற்குள் ரொட்டியைச் சுட்டுத் துணியில் சம்பலோடு சுருட்டி இடுப்பில் செருகிவிட வேண்டும். மழையில் நனைந்தாலும் பத்து மணிக்குப் பாதியாவது மிஞ்சும். மலைக்குப் போகாதவர்கள் வெளிச்சம் வந்த பிறகு பழையதையோ மிச்சத்தையோ தின்றுகொள்வார்கள். அதனால் அந்த இருட்டில் ஒரு காம்பராவில் ரொட்டி வாசம் வந்தால், அங்கே மலைக்குப் போகிற பெண் உண்டு என்று அர்த்தம். இது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கோட்டை விட்டேன்.

குவைத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே சுட்டுப் பார்த்தேன். மா இருந்தது. பலகாரத்துக்கு வைத்திருந்த தேங்காய்த் தூள் ஒரு பொட்டலம் இருந்தது. கேஸ் அடுப்பில், பளபளவென்ற சட்டியில் சுட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகத் தின்றார்கள். எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. புகை இல்லாத ரொட்டியில் ருசி எங்கிருந்து வரும்? இன்னொரு நாள், யாரும் இல்லை என்று நினைத்து, பொட்டலம் மூன்றைப் பிய்த்துப் போட்டுக் கறுப்பாகச் சாயம் ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம். பின்னால் அந்த வீட்டு அம்மா நின்றிருக்கிறாள். என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டில் காலிக் கடற்கரைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். மதில் ஓரமாக நின்று சாப்பாட்டைப் பற்றியே பேசுவோம். அவள் புளி போட்டு வற்ற வைத்த மீனைச் சொல்லிக் கண் கலங்குவாள், நான் ரொட்டியைச் சொல்லி மூக்கைச் சிந்துவேன். ஊருக்குப் போகிற ஒருவரிடம் கேசட் கொடுத்து அனுப்பலாம் என்று அவள்தான் வழி சொன்னாள். நான் கேசட்டில் பேசி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று நினைக்கிறீர்கள்? ஒழுங்காகப் படி என்று இரண்டு வார்த்தை, மீதி எல்லாம் ரொட்டி.

மாதங்கள் கழித்து மகளிடமிருந்து பதில் கேசட் வந்தது. பள்ளிக்கூடம் நல்லா இருக்கும்மா, நீங்க கவலைப்படாதீங்க என்றாள். பிறகு, உங்களுக்கு ஒண்ணு கேக்க வைக்கிறேன் என்றாள். நாடா மட்டும் கரகரவென்று ஓடியது. பிறகு வந்தது. ரொட்டி தட்டுகிற சத்தம். பட், பட், பட் என்று கைமாற்றித் தட்டுகிறாள். அம்மியில் மிளகாய் நசுங்குகிற சத்தம். தூரத்தில் பெரட்டுக்கு எழுப்புகிற தப்புச் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அடி என் கண்ணே என்று அந்த வீட்டுக் கேசட் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் சந்தடி இல்லாத நேரம் பார்த்து எனக்காக எழுந்து பதிந்திருக்கிறாள், எவ்வளவு கெட்டிக்காரி என்று மதிலோரத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். நாடா தேய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டேன். தினமும் அதைக் கேட்டால்தான் தூக்கம் வந்தது.

மூன்று வருஷம் கழித்துத் திரும்பினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகலையில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது, மழை தூறியது. குடை இருந்தும் விரிக்கவில்லை. லயமே இஸ்தோப்புக்கு வந்து நின்று பார்த்தது. மகள் வளர்ந்திருந்தாள், என் தோளைத் தாண்டிவிட்டாள். இரண்டு கையிலும் விரல் நுனிவரை அடர்த்தியாக மருதாணி. நீங்க வர்றீங்கன்னு போட்டேம்மா என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தேன். உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் காம்பராவில் நாற்காலி! மகள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்தாள். பால் ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, கோப்பைக்கு அடியில் சாசர் வைத்து. எனக்குப் பகீரென்றது. எங்களிடம் அது ஒரு வழக்கம். வீட்டு ஆளுக்கு வெறுந்தேத்தண்ணியும் உள்ளங்கையில் சீனியும், விருந்தாளிக்குப் பாலும் சாசரும். வீட்டு ஆளுக்கு ரொட்டி, விருந்தாளிக்குக் கடைத்தெரு பேக்கரியில் வாங்கிய பாண். யாருக்கு எந்த இடம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சாசரைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பெற்ற மகள் என் முன்னால் சாசரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னாலேயே பாண் வந்தது, பட்டர் வந்தது, டின் மீன் வந்தது.

ரொட்டி எங்கேடி என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்கு ரொட்டி போட்டால் லயத்தில் காறித் துப்புவார்கள் என்றார். மூன்று வருஷமாக நான் கனவு கண்டது என்ன, இவர்கள் வைத்திருப்பது என்ன என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்த அன்றே சண்டை வேண்டாம் என்று பாணைத் தேத்தண்ணியில் நனைத்து விழுங்கினேன். 

பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொண்டுவந்ததை எடுத்துக் கொடுத்தேன். மகளுக்கென்று அடியில் பத்திரமாக வைத்திருந்தது வெள்ளைத் துணி. நல்ல கெட்டித் துணி, கசங்காது. நான்கு உடுப்புத் தைக்கலாம் என்று காட்டினேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். நல்லா இருக்கும்மா என்று மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வீட்டுக்காரர் பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். நான் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் யாராவது குவைத்தைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே தங்கம் தெருவில் கிடக்குமா, ஒட்டகம் கடிக்குமா என்று. நானும் வாய் ஓயாமல் அளந்தேன். வெளிநாட்டுக் கதை கேட்க ஆசை என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் கோழி அடித்தார்கள். ரொட்டி மட்டும் வரவில்லை. சாயங்காலம் மகளிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். காலையில சுட்டுத் தர்றேம்மா என்றாள். சரி, நாளைக்குத் திங்கட்கிழமை, நானே உனக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அரிசி புடைத்தாள். வீட்டுக்காரர் இராத்திரி வேலைக்குப் போனார்.

விடியுமுன் அந்த வாசம் வந்தது. முதலில் கனவு என்றுதான் நினைத்தேன். குவைத்தில் எத்தனையோ தடவை அப்படி ஏமாந்திருக்கிறேன். பிறகு புகை கண்ணைக் கரித்தது. பட், பட் என்று கேசட்டில் கேட்ட அதே சத்தம். மகராசி, சொன்னபடியே எனக்காக எழுந்து சுடுகிறாள் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. போர்வையை உதறிவிட்டு, வாயில் எச்சில் ஊற, அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

மகள் குந்தி உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பழைய சட்டை. இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்தாள், செடி கிழிக்காமல் இருக்க மலைக்குப் போகிறவர்கள் கட்டுகிற சாக்கு. பக்கத்தில் கூடை. இரண்டு ரொட்டியைச் சம்பலோடு துணியில் சுருட்டி இடுப்பில் செருகினாள். வெளியே தப்பு அடித்தது.

  நீண்ட வாய் என்று பேர் வாங்கியவள் அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிட்டப் போய் அவள் கையைப் பிடித்து அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். மருதாணிக்கு அடியில் கறுப்பு. கொழுந்துக் கறை. என் விரலில் எத்தனை வருஷம் இருந்தது, எனக்கா தெரியாது? மூன்று வருஷமாகக் குவைத்தில் சோப்பில் கிடந்து என் கை வெளுத்திருக்கிறது, என் கறை இவள் கைக்குப் போயிருக்கிறது.

"எப்ப இருந்துடி?"

"நீங்க குவைத்துக்குப் போன அந்த வருசமேம்மா. அழாதீங்க. பெரட்டுக்கு நேரமாச்சு. உங்களுக்கும் சேர்த்துத்தான் சுட்டிருக்கேன்."

கேசட்டில் கேட்ட தப்புச் சத்தம் அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. தப்பு அடிக்கிற நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுந்து ரொட்டி தட்டும்? அத்தனை தடவை கேட்டேனே. ருசியை நினைத்து எச்சில் ஊறிக்கொண்டு கேட்டேனே. இந்தக் காதை அறுத்துப் போட வேண்டாமா?

அவள் எனக்கென்று வைத்திருந்த ரொட்டியைத் துணியோடு எடுத்தேன். அவள் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினேன். கூடையை மாட்டிக்கொண்டு, குவைத்தில் வாங்கிய ரப்பர் செருப்போடு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். அவள் பின்னால் வந்தாள். அங்கே லயத்துப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். நேற்று ஒட்டகக் கதை கேட்டவர்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. லயம் முழுக்கத் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல், சிரித்துக்கொண்டே கோழிக் கறி தின்றிருக்கிறேன்.

இன்றைக்கு நான் வேலை செய்கிறேன், பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். நல்ல மனுஷர்தான். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"உன் பேரை வெட்டி வருசக் கணக்காச்சும்மா. அந்தப் புள்ள பேருதான் பதிஞ்சிருக்கு. அது வரலைன்னா காம்பரா போயிரும்."

அங்கேதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. நான் போனதும் என் பேரை வெட்டியிருக்கிறார்கள். ஒற்றைப் பேருக்கு ஒரு முழுக் காம்பரா எதற்கு, பாதியை இன்னொரு குடும்பத்துக்கு விடு என்று கேட்டிருக்கிறார்கள். காம்பராவைக் காப்பாற்ற என் வீட்டுக்காரர், வயதைக் கூட்டிச் சொல்லி, மகளின் பேரைப் பதிந்திருக்கிறார். பிறகு, வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன், அது என் பொறுப்பு என்றீர்களே என்று. சொன்னால் நீ அங்கே இருந்திருப்பாயா, ஓடி வந்திருப்பாய், உடுப்பும் இல்லை வீடும் இல்லை என்று ஆகியிருக்கும் என்றார்.   அவர் சொன்னது நிஜம்தான், அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கணக்கப்பிள்ளை சொல்லி முடித்ததும் களத்தில் பேர் கூப்பிட்டார்கள். என் மகளின் பேரைக் கூப்பிட்டபோது அவள் உரக்கப் பதில் சொன்னாள், பழகிய குரலில். பிறகு என்னிடம் வந்தாள். எல்லோர் முன்னாலும் என் தலையிலிருந்து கூடைக் கயிற்றை மெதுவாகக் கழற்றினாள். கயிற்றைத் தன் உச்சியில் மாட்டினாள். படங்கைக் கேட்டாள், கொடுத்தேன். கட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு மலைக்கு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெற்ற பிள்ளை, என் நடையேதான்.

அதற்குப் பிறகு நான் குவைத்துக்குப் போகவில்லை. அலைந்து, கெஞ்சி, சண்டை போட்டு என் பேரைத் திரும்பப் பதிந்துகொள்ளப் பல மாதம் பிடித்தது. அவள் பேரை வெட்டச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியை எடுத்து உடுப்புத் தைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஏழாம் வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஒரு வாரம் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் உடுப்பை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, விடியுமுன் எழுந்து மா பிசைந்தாள்.  எந்த வாயை வைத்து வேண்டாம் என்பேன்?

நான் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை காலையில், எல்லோரும் மலைக்குப் போன பிறகு, பெரட்டுக் களத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் துணிச் சுருட்டு இருந்தது, சூடு இன்னும் போகவில்லை. அழுதுகொண்டே பிரித்தேன். எறிந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் மூன்று வருஷத்துப் பசி, கை அதுபாட்டுக்கு ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்துவிட்டது.

உப்பு சரியாக இருந்தது. ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்தது. மிளகாய் ஒரு விதை கூட முழுதாக இல்லாமல் நசுங்கியிருந்தது. நான் சுடுவதைவிட நன்றாக இருந்தது, என் அம்மா சுட்டதைவிடவும். அங்கேயே கல்லில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு அப்படி ரொட்டி சுட வராது.